கப்பலுக்கு நியாயமான காலம், ஆளுக்கு ஏழு வருஷம்

1

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சீசன். ஜூன் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி, தென்காசித் தெருவில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டி வந்தால் எண்ணெய்க் கடையும் பழக்கடையும் களைகட்டும். அதே காற்று கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுக் கிழக்கே போய்த் தூத்துக்குடிக் கடலில் விழுகிறது. கடற்கரையில் மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்பார்கள். கப்பல் நிர்வாகத்தின் காகிதத்தில் இதே மாதங்களுக்குப் பெயர் ‘ஃபௌல் சீசன்’. மாலத்தீவுக்குப் போகும் தோணிகள் அந்த மாதங்களில் ஓட்டத்தை நிறுத்தி ஓய்வில் கிடக்கும். ஒரு காற்றுக்கு மலையடிவாரத்தில் ஒரு சீசன், கடலோரத்தில் இன்னொரு சீசன்.

இதை வெறும் சொல் விளையாட்டாகச் சொல்லவில்லை. குற்றாலத்தில் கிராம்பும் ஜாதிக்காயும் பயிரிட்டுப் பார்த்த கம்பெனி ஆட்சிக்கும், பிறகு சீசனுக்கு அங்கே பங்களாக்களில் வந்து தங்கிய வெள்ளை அதிகாரிகளுக்கும் தூத்துக்குடித் துறை ஒன்றும் அயல்தேசம் இல்லை. இரண்டும் ஒரே திருநெல்வேலி ஜில்லா. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல், தென்காசி 2019இல். இன்று தென்காசிக்காரனுக்குக் கடல் என்பது மீன் கடை. தூத்துக்குடி என்றால் 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஞாபகம் வரும். அது நீராவிக் கப்பலின் கதை. அதற்கு நாயகன் உண்டு, வழக்கு உண்டு, செக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை அதே துறையிலிருந்து பாயை மட்டும் நம்பிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த தோணிகளுக்கு நாயகன் கிடையாது. தோணியின் தலைவனைத் தண்டல் என்பார்கள். தண்டலின் பெயரில் எந்த ஊரில் தெரு இருக்கிறது?

புயலில் பாய்மரக் கப்பல் மூழ்கினால் அரசு என்ன செய்தது? விசாரித்தது. யாரை, எதைப் பற்றி, எந்தக் கேள்விகளோடு விசாரித்தது என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம். விசாரணை என்றாலே உண்மை வெளிவரும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் பிறகு ‘விசாரணைக் கமிஷன் வை’ என்று நாமே கோஷம் போடுகிறோம். அந்த வடிவம் எதற்காகப் பிறந்தது என்று ஒருதரம் பார்த்துவிடுவது நல்லது.

2

கப்பல் சேத விசாரணை என்கிற வடிவம் இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உருப்பெற்றது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாடு போகும் வணிகக் கப்பல்களின் கேப்டனுக்கும் மேட்டுக்கும் தேர்வும் சான்றிதழும் வேண்டும் என்றது. 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் சேத விசாரணையை முறைப்படுத்தியது. மேஜையில் ஒரு நீதிபதி, பக்கத்தில் கடல்தொழில் அறிந்த மதிப்பீட்டாளர்கள். கப்பல் சரியான பாதையில் போனதா, ஆழம் பார்த்தார்களா, நங்கூரம் போதுமா, கேப்டன் குடித்திருந்தானா. முடிவில் சான்றிதழை ரத்து செய்யலாம், கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம், திருப்பிக் கொடுக்கலாம். சுதந்திர இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டமும் ஏறக்குறைய இதே எலும்புக்கூட்டைத்தான் எடுத்துக்கொண்டது.

ஆக, தண்டனை என்பது சான்றிதழ் மீதான தண்டனை. சான்றிதழே இல்லாதவனிடம் இந்த விசாரணைக்கு வேலை கிடையாது. அந்தக் காலத்துத் தோணித் தண்டலுக்கு லண்டன் சான்றிதழ் ஏது? அவனிடம் பறிக்க ஒன்றுமில்லை, எனவே கேட்கவும் ஒன்றுமில்லை. ஒரு மனிதன் அதிகாரத்தின் பதிவில் ஏற வேண்டுமானால் முதலில் அவனிடம் பறிமுதல் செய்யத் தக்க ஏதாவது இருக்க வேண்டும் போலிருக்கிறது.

இன்னொன்று. விசாரணைக் கோப்பில் புயல் என்பது வானிலை இல்லை. அது ஒரு தீர்ப்பு. கேப்டனின் தப்பு, கப்பலின் ஓட்டை, புயல் என்று மூன்று விடைகள் கைவசம் இருக்கின்றன. மூன்றாவதை எழுதிவிட்டால் அது ‘தெய்வச் செயல்’. சரக்கை ஏற்றிவிட்ட வியாபாரிக்குக் கப்பல்காரன் பதில் சொல்ல வேண்டியதில்லை. கப்பல்காரனுக்குக் காப்பீட்டுக்காரன் பணம் தருவான், ஏனென்றால் ‘கடலின் அபாயங்கள்’ பாலிசியில் எழுதியிருக்கிறது. கேப்டனுக்குச் சான்றிதழ் திரும்பிவிடும். புயல் என்ற ஒரு சொல் இத்தனை பேரை விடுவிக்கிறது. தெய்வம் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லாது என்பது எல்லோருக்கும் சௌகரியம்.

இந்தச் சௌகரியத்தை இங்கிலாந்திலேயே ஒருவர் போட்டு உடைத்தார். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1873இல் எழுதிய புத்தகத்தில் உளுத்துப்போன கப்பல்களை அளவுக்கு மேல் பாரமேற்றி, அளவுக்கு மேல் காப்பீடு செய்து கடலுக்கு அனுப்புகிறார்கள் என்று குற்றம் சாட்டினார். அப்படிப்பட்டவற்றுக்கு ‘சவப்பெட்டிக் கப்பல்’ என்றே பேர் விழுந்தது. ராயல் கமிஷன் வைத்தார்கள். 1876இல் சட்டம் வந்தது. கப்பலின் விலாவில் இன்றும் பார்க்கிற பாரக்கோடு அந்தச் சண்டையின் மிச்சம். பிளிம்சால் செய்தது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ‘புயலா?’ என்று கேட்ட இடத்தில் ‘புயலுக்கு முந்தின நாள் அந்தக் கப்பல் எப்படி இருந்தது?’ என்று கேட்டார். அவ்வளவுதான்.

செத்துப்போன மாலுமியின் கூலிக் கணக்கு என்ன ஆனது? ‘சரக்குக் கூலிதான் சம்பளத்துக்குத் தாய்’ என்பது இங்கிலாந்துக் கடல் சட்டத்தின் பழைய வாசகம். கப்பல் கரைசேராவிட்டால் சரக்குக் கூலி இல்லை. அது இல்லையென்றால் மாலுமிக்குச் சம்பளமும் இல்லை. 1854ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தாய்-பிள்ளை உறவை அறுத்தது. ஆனால் இரண்டு நிபந்தனை. கப்பல் உடைந்தால் உடைந்த அன்றோடு வேலையும் சம்பளமும் முடிந்தது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற மாலுமி முழுமூச்சாகப் பாடுபடவில்லை என்று நிரூபித்தால் உள்ளதும் போச்சு. அலையில் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்த நேரம் வேலை நேரம் இல்லை. கப்பல் உடைந்த மாலுமிக்கு இரண்டு மாதச் சம்பளம்வரை வேலையிழப்பு ஈடு தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ஜெனோவாவில் கூடி உடன்படிக்கை எழுதியது 1920இல்தான்.

3

நம்முடைய வங்கக் கடலுக்கு வருவோம். ‘சைக்ளோன்’ என்ற வார்த்தையே ஒரு கப்பல் சேத விசாரணைக்காரர் உண்டாக்கியது என்பது பலருக்குத் தெரியாது. ஹென்றி பிடிங்டன் பழைய கப்பல் கேப்டன். கல்கத்தாவில் கடல்சார் விசாரணை மன்றத்தின் தலைவராக இருந்தவர். புயலில் அகப்பட்ட கப்பல்களின் லாக் புத்தகங்களைச் சேகரித்து, எந்த நேரத்தில் எந்தக் கப்பலுக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று படத்தில் குறித்துச் சேர்த்துப் பார்த்தார். காற்று ஒரு மையத்தைச் சுற்றுகிறது, மையமும் நகர்கிறது என்பது புலப்பட்டது. அமெரிக்காவின் ரெட்ஃபீல்டும் இங்கிலாந்தின் வில்லியம் ரீடும் அதற்கு முன்பே அட்லாண்டிக் புயல்களுக்குக் காட்டியதை அவர் இந்தியக் கடலுக்குக் காட்டினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்று பெயர் வைத்தார். 1848இல் மாலுமிகளுக்கான கையேடாக அது அச்சானது.

மனுஷர் சும்மா இல்லை. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றில் புதுத் துறைமுகம் கட்டக் கிளம்பியபோது, புயல் ஏற்றத்தில் கடல் புரண்டு எல்லாம் போய்விடும் என்று 1853இல் டல்ஹௌசிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கேட்கவில்லை. போர்ட் கானிங் கட்டினார்கள். 1858இல் பிடிங்டன் செத்தார். 1867 நவம்பரில் புயல் வந்து துறைமுகத்தை நாசமாக்கியது.

பிடிங்டனின் அறிவியலைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. உயிர்களைக் காப்பாற்றிய அறிவு அது. ஆனால் அது எந்தப் பிரதிகளிலிருந்து உண்டானது என்று பார்க்க வேண்டும். லாக் புத்தகம் எழுதியவனின் காற்று மட்டுமே அந்தப் படத்தில் ஏறியது. அதே புயலில் அதே இரவில் கிடந்த நாட்டுத் தோணியின் காற்று ஏறவில்லை. தண்டலுக்கும் காற்று தெரியும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பேர் அவனிடம் இருந்தது. ஆனால் மணிக்கணக்குப் போட்டு எழுதிவைத்த தாள் இல்லை. நாட்டார் அறிவே மேலானது என்று கொடி பிடிப்பது இதன் நோக்கமில்லை. தோணியும் மூழ்கத்தான் செய்தது. எழுத்தில்லாதவன் சாட்சியாகக்கூடச் சேர்க்கப்படாமல் மூழ்கினான் என்பதுதான் சொல்ல வந்தது.

ரணஜித் குஹா 1983இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கிளர்ச்சியை அடக்கியவர்களின் ஆவணத்தையே தலைகீழாக வாசித்துக் கிளர்ச்சிக்காரனைக் கண்டெடுக்கலாம் என்று காட்டியது. நம்மிடையே பலர் அதைச் சூத்திரம் மாதிரிச் சொல்லித் திரிகிறோம். கிளர்ச்சிக்காரன் அரசைப் பயமுறுத்தினான், அதனால் அவனைத் திட்டியாவது எழுதினார்கள். மூழ்கினவன் யாரையும் பயமுறுத்தவில்லை. அவனைத் திட்டக்கூட ஆளில்லை. தலைகீழாக வாசிக்க முதலில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

எண்ணிக்கை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதிலும் இதே விதிதான். 1749 ஏப்ரலில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக் கடலோரம் அடித்த புயலில் அட்மிரல் பாஸ்காவெனின் கொடிக்கப்பல் ‘நமூர்’ மூழ்கியது. அட்மிரல் கரையில் இருந்தார், பிழைத்தார். கப்பலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இருநூற்றெழுபது வருஷத்துக்கு முந்திய சாவை இப்படிச் சொல்ல முடிகிறதென்றால் காரணம், அரசன் கப்பலில் ஆள் பட்டியல் உண்டு. சம்பளம் போடுவதற்கான பட்டியல். அதே புயலில் அதே கரையோரம் கிடந்த கட்டுமரங்களுக்குப் பட்டியல் கிடையாது. சாவின் கணக்கு கூலிப் பட்டியலிலிருந்து வருகிறது.

சென்னைக்கு அப்போது துறைமுகமே இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிடும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சரக்கையும் சாயுபுகளையும் கரைசேர்க்கும். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். இங்கே நிற்காதே என்று அர்த்தம். ஆபத்துக்கு அரசு ஒரு காலண்டர் போட்டுவைத்திருந்தது. 1872ஆம் ஆண்டுப் புயல் அந்தக் காலண்டரைப் பார்க்கவில்லை. மே 2ஆம் தேதி வந்தது. நங்கூரத்தில் நின்ற கப்பல்கள் பல கரையில் மோதி உடைந்தன. துறைமுகம் வேண்டும் என்ற வணிகர்களின் பழைய கோரிக்கைக்குப் பலம் கூடியது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் 12ஆம் தேதிப் புயல், முடியும் தறுவாயில் இருந்த அலைதடுப்புச் சுவரில் அரை மைல் தூரத்தைப் பெயர்த்துவிட்டது. கான்கிரீட் கட்டிகள் ஏன் நகர்ந்தன என்று லண்டனில் பொறியியல் வல்லுநர்களைக் கொண்டு குழு வைத்து ஆராய்ந்தார்கள். கல்லுக்குக்கூட விசாரணை நடந்தது.

4

1872 என்ற அதே வருஷத்தில் இன்னொரு காரியம் நடந்தது. புயலுக்கு ஆறேழு வாரம் முன்னால், மார்ச் மாதம், இந்தியச் சாட்சியச் சட்டம் நிறைவேறியது. செப்டம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. எழுதியவர் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அதன் 108ஆம் பிரிவு காணாமல் போனவனைப் பற்றியது. ஒருவனைப் பற்றி, அவன் உயிரோடிருந்தால் இயல்பாகத் தகவல் தெரிந்திருக்கக் கூடியவர்களுக்கு ஏழு வருஷம் தகவலே இல்லையென்றால், அவன் உயிரோடிருக்கிறான் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதாவது ஏழு வருஷம்வரை, அவன் செத்தான் என்று சொல்லும் பெண்சாதி நிரூபிக்க வேண்டும். கடலில் போனவனுக்கு எதைக் கொண்டு நிரூபிப்பாள்?

இப்போது இதைக் கப்பலோடு வைத்துப் பாருங்கள். கப்பலும் காணாமல் போகும். லண்டன் லாய்ட்ஸில் அதற்கொரு முறை இருந்தது. வர வேண்டிய நாளில் வராத கப்பலை முதலில் ‘தாமதம்’ என்பார்கள், பிறகு ‘காணவில்லை’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவார்கள். எழுதிவிட்டால் கப்பல் செத்தது. காப்பீட்டுப் பணம் கைமாறும். இந்த வழக்கத்தை இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டம் எழுத்தில் வைத்தது. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டமும் அதை அப்படியே வாங்கிக்கொண்டது: காணாமல் போன கப்பலைப் பற்றி ‘நியாயமான காலம்’ கழிந்தும் செய்தி இல்லையென்றால் அது முழுச் சேதம் என்று அனுமானிக்கலாம்.

கப்பலுக்கு நியாயமான காலம். கப்பலில் இருந்தவனுக்கு ஏழு வருஷம். இரண்டும் ஒரே மரம், ஒரே அலை, ஒரே ராத்திரி.

நியாயமான காலம் என்றால் எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. புத்திசாலித்தனமாகத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறது. கப்பலின் தன்மை, தூரம், பருவம், அடித்த புயல் இவற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். மூலதனத்தை ஏழு வருஷம் முடக்கிவைக்க முடியாது என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. விதவையை முடக்கலாம். அவள் விதவைகூட இல்லை. வாரிசுச் சான்றிதழ் கேட்டால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இறப்புச் சான்றிதழ் கேட்டால் உடல் எங்கே என்பார்கள். உடல் எங்கே என்பதுதான் அவளுடைய கேள்வியும்.

ஏழு வருஷம் காத்திருந்தாலும் பிரச்சினை தீராது. 2004இல் ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஏழு வருஷம் முடிந்தால் செத்தான் என்று அனுமானிக்கலாம், எப்போது செத்தான் என்று அனுமானிக்க முடியாது. ஆகவே இடைப்பட்ட காலத்தில் பிரீமியம் கட்டாத பாலிசி காலாவதி. காணாமல் போனவனின் பாலிசி உயிரோடிருக்க வேண்டுமானால் வீட்டிலிருப்பவள் பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. வயிற்றெரிச்சல் தர்க்கத்தில் வராது.

2024 ஜூலை முதல் சாட்சியச் சட்டத்தை எடுத்துவிட்டு பாரதிய சாட்சிய அதிநியமம் வந்திருக்கிறது. காலனியச் சட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்று பெரிய முழக்கம். 108ஆம் பிரிவு 111ஆம் பிரிவாகியிருக்கிறது. ஏழு வருஷம் அப்படியே இருக்கிறது.

5

பழைய கதை என்று யாராவது சொல்லலாம். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி வந்தது. பாய்மரம் போய் எஞ்சின் வந்து, தந்திபோய் செயற்கைக்கோள் வந்த காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் புயல் உருவாகும் முன்பே கடலில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தும் காணாமலும் போனார்கள். அரசின் எண்ணிக்கையும் ஊர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. ஊர்ப் பங்கில் பெயர் சொல்லி எண்ணினார்கள். கோட்டாட்சியர் அலுவலகத்தில் காகிதத்தை எண்ணினார்கள்.

அதன்பிறகு நடந்த விவாதம் எதைப் பற்றி? எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது என்பதைப் பற்றி. நாங்கள் முன்பே சொன்னோம் என்றது வானிலைத் துறை. எங்களுக்கு 30ஆம் தேதி நண்பகலுக்குத்தான் புயல் என்று வந்தது என்றது கேரள அரசு. 2018 ஏப்ரலில் உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையும் கொடுத்தது. அவசியமான கேள்விதான், மறுக்கவில்லை. கொடி எப்போது ஏறியது என்பது பாய்மரக் காலத்திலிருந்து வருகிற கேள்வி. அது கரையிலிருக்கும் இரண்டு அதிகாரிகளுக்கு இடையிலான கேள்வியும்கூட. பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போனவனுக்குக் கரையில் ஏறிய கொடி எப்படித் தெரியும் என்பது கடலிலிருந்து வருகிற கேள்வி. அது அந்த விவாதத்தில் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது.

ஆனால் ஒக்கியில் ஒன்று நடந்தது. டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான மீனவர்கள், பெண்களும் குழந்தைகளுமாக நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடு, கண்டுபிடி, கணக்குச் சொல் என்றார்கள். அடுத்த மாதங்களில் இரண்டு மாநில அரசுகளும் ஏழு வருஷம் காத்திருக்காமல், காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் இறந்தவர்களுக்கு உரிய நிவாரணமான இருபது லட்சத்தைக் கொடுத்தன. நூற்று நாற்பத்தைந்து வருஷமாக அசையாத விதி ஓர் அரசாணையில் அசைந்தது. அசைக்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. கூடவே, அது விதிவிலக்காக, கருணையாக, ஒருதடவைச் சலுகையாகத்தான் தரப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும் புயலில் இருநூறு பேர் சேர்ந்து போனால் தண்டவாளத்தில் உட்கார ஆள் இருக்கும். பேரில்லாத ஒரு காற்றில் ஒற்றைத் தோணியோடு ஏழெட்டுப் பேர் போனால் யார் உட்காருவது? அவர்களுக்கு இன்னும் 111ஆம் பிரிவுதான்.

ஆகவே விசாரணைக் கமிஷன் கேட்கும்போது எந்தக் கேள்விகளோடு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கடலுக்குப் போகிறவனின் பெயர் போகும்போதே கரையில் எழுதப்பட்டதா? படகுக்கு எத்தனை நாளில் காப்பீடு கிடைத்தது, ஆளுக்கு எத்தனை நாளில்? புயலுக்கு முந்தின நாள் அந்தப் படகில் என்ன கருவி இருந்தது, யார் அதைத் தர மறுத்தார்கள்? கப்பலுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் ‘நியாயமான காலம்’ என்ற இரண்டு வார்த்தையைக் கப்பலில் இருந்தவனுக்கும் கொடுக்கச் சொல்வது பெரிய புரட்சிக் கோரிக்கை இல்லை. ஒரு சட்டப் பிரிவில் ஒரு திருத்தம். அதைக்கூட எந்தக் கட்சியும் இதுவரை தன் கோரிக்கைப் பட்டியலில் முதல் பக்கத்தில் வைத்ததாகத் தெரியவில்லை. மீனவர் சங்கங்களும் கடலோர இயக்கங்களும் கேட்டாக வேண்டும். கடலைப் பார்க்காமலே காற்றை அனுபவிக்கிற நாமும் சேர்ந்து கேட்க வேண்டும்.